பதினாறாம் நாளுக்கு ஒரு கேசட்

மலை நகரான தானா ராத்தாவுக்குச் செல்லும் பேருந்தில் எனக்கு முன்னிருக்கையில் தேயிலைத் தோட்டத்துப் பெண்கள் இருவர் அமர்ந்திருந்தனர். மறுநாள் மூத்தவளின் கணவனுக்குப் பதினாறாம் நாள் படையல் என்பது பேச்சிலிருந்து தெரிந்தது.

"அண்ணி, படையல்ல அந்தச் சின்ன வயசு நடிகை பாடுன டான்ஸ் பாட்டு கேசட்டையும் வச்சிடுங்க. அண்ணனுக்கு உசுரு."

"அத நான்தான் ஒளிச்சு வச்சேன். கடைசி வரைக்கும் தேடுனாரு லா."

"ஏன் ஒளிச்சீங்க?"

"விடிஞ்சதும் அதப் போட்டு லயத்து வீட்டு வாசல்ல ஆடுவாரு. வேலைக்குப் பிந்திப் போனா கங்காணி ஏசுறது என்னைத்தான்."

"இப்ப எங்க இருக்கு?"

"அரிசி டின்னுல."

"எடுத்து அண்ணன் படத்துக்கு முன்னால வச்சிடுங்க, போதும்."

"வச்சா மட்டும் பத்தாது, போடணும். அதுக்குத்தான் டவுனுக்கு ரேடியோ பேட்டரி வாங்கப் போறேன்."

"நாலு போதுமா?"

"ஆறு வாங்குவோம். அவரு சத்தமா வச்சுத்தான் கேப்பாரு."