இடது குழலில் இருக்கும் மருந்து

1958, கார்த்திகை மாதம். காவல் நிலையத்தில் விசாரித்தபோது சொன்னது:

என் பெயர் சேனாதிபதி, வயது ஐம்பத்து நாலு, தகப்பனார் பெயர் வேலப்பன், பள்ளங்கியில் பூண்டு விவசாயம். நாலாம் வகுப்பை இரண்டு தடவை படித்ததால் ஐந்து வரை படித்ததாக எழுதிக்கொள்ளலாம். பர்மாப் பட்டாளத்தில் துப்பாக்கி சம்பந்தமாகத் துரைமார்களே என்னிடம் யோசனை கேட்டிருக்கிறார்கள். ஆகவே முதலில் ஒன்றைச் சொல்கிறேன். கணப்புக்குப் பக்கத்துப் பெஞ்சில் கிடக்கிற இரட்டைக் குழல் துப்பாக்கியில் வெடித்தது வலது குழல் மட்டும்தான். இடது குழலில் மருந்தும் ரவையும் அப்படியே இருக்கின்றன. அய்யா வரிசையாகச் சொல்லச் சொன்னதால் வரிசைக்கு வருகிறேன்.

வில்பட்டி ராமர் என் தங்கை மகன். பன்றி விரட்ட லைசென்சு பெற்ற, குழல் வாய் வழியாக மருந்து இடித்துக் கெட்டிக்கிற துப்பாக்கி அவனுடையது. நேற்று நான் விருந்தாடியாகப் போயிருந்தபோது, பொழுது சாய இரண்டு குழலையும் என் கண் முன்னால் கெட்டித்தான். பன்றி வரவில்லை. அதன் பிறகு துப்பாக்கியை அப்படியே கொண்டுபோய் அடுப்புக்கு மேலே, புகையில் காய்கிற பூண்டுக் கட்டுகளோடு தொங்கவிட்டான். சுத்தியல் மாதிரி குதிரை விழுந்தால் பொறி விடுகிற அந்தக் கேப்பு மூடியையாவது கழற்று என்றேன். "பனியில மருந்து நமுத்துப் போச்சுன்னா பன்னி நம்மளப் பாத்துல்ல சிரிக்கும், மாமா" என்றான். எங்கள் பக்கத்தில் எல்லோரும் அப்படித்தான் வைக்கிறார்கள்.

இன்று வெள்ளனே அவன் சம்சாரம் பிச்சையம்மாள் அடுப்பு மூட்டி ரசம் வைத்தாள். ரசத்துக்குப் பூண்டு வேண்டுமென்று ராமர் ஒரு கட்டைப் பிடித்து இழுத்தான். கட்டின் கயிறு வலது குதிரையில் மாட்டி, அதைத் தூக்கி விட்டுவிட்டது. அது கேப்பின் மேல் விழுந்து வெடித்தது. ரவை ராமரின் தோள் சதையைக் கிழித்துக்கொண்டு போனது. துப்பாக்கியில் யாருடைய கையும் இல்லை. புருஷன் பெண்டாட்டிக்குள் சண்டையும் இல்லை. பிச்சையம்மாள் அகப்பையைப் பிடித்தபடியே நின்றாள், அதிலிருந்த ரசம் சிந்தவில்லை.

அதன் பிறகு ராமரைக் கட்டிலோடு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனார்கள். அதன் பிறகு ஏட்டு செல்லப்பாண்டி வந்து துப்பாக்கியைத் தோளில் சாத்திக்கொண்டு முன்னால் நடந்தார். மேக மூட்டத்தில் எனக்கு அவர் முதுகு தெரியவில்லை, குழலின் இரண்டு வாயும் என் நெஞ்சைப் பார்ப்பது மட்டும் தெரிந்தது. நான் வலப்பக்கம் ஒதுங்கினால் அவரும் திரும்பினார். கடைசியில் ஓடைக்குள் இறங்கி நடந்தேன். இடது குழல் கெட்டித்தபடியே இருக்கிறது என்று சொன்னேன். "ஏழு யானையச் சுட்ட ஆளு ஒரு காலிக் குழலுக்கு நடுங்குறீரே பெருசு" என்று சிரித்தார். பாதை நெடுக அவருக்கு யானைக் கதையைச் சொல்லிக்கொண்டு வந்தது நான்தான்.

நிலையத்துக்கு வந்ததும், நனைந்த மரப்பிடி உலரட்டும் என்று ஏட்டய்யா துப்பாக்கியைக் கணப்போரம் கிடத்தினார். ராமர் செய்த அதே காரியம். குழல் அய்யாவின் மேசையைப் பார்க்கிறது. குதிரை கேப்பின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. விறகு சரிந்து பெஞ்சில் ஒரு தட்டு தட்டினால் போதும். கேப்பைக் கழற்ற என்னைக் கூப்பிட வேண்டாம். வேலை தெரியும், ஆனால் வாசலுக்கு வெளியே நின்றுதான் சொல்லித் தருவேன். குழலை ஆளில்லாத பக்கம் திருப்பி, கேப்பை எடுத்துவிட்டு, வாய் வழியாகத் தண்ணீர் ஊற்ற வேண்டும்.

அய்யாவும் சிரிக்கிறீர்கள். நான் பர்மாவில் யானை எதையும் சுடவில்லை. சமையல் கூடாரத்தில் இருந்தேன். அதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். இடது குழலை மட்டும் நம்புங்கள்.

படித்துக் காட்டக் கேட்டேன், நான் சொன்னபடியே இருக்கிறது, அத்தனையும் உண்மை.

(ஒப்பம்) வே. சேனாதிபதி

மேற்படி வாக்குமூலம் நிலையத்துக்குள் தொடங்கி, கடைசிப் பாகம் வெளியே மைதானத்தில் வைத்து நிலைய அதிகாரியாகிய என்னால் எழுதி முடிக்கப்பட்டது. சாட்சி: ஏட்டு செல்லப்பாண்டி, அவரும் மைதானத்தில்.