மோடம் வந்த பிறகு

எங்கள் வீட்டில் செல்போன் சிக்னல் சமையலறை ஜன்னல் பக்கம்தான் ஒழுங்காகக் கிடைக்கும். எப்போது ஆரம்பித்தது என்று கேட்டீர்களே மேடம், அந்தச் சிக்னலைத் தேடிய அன்றைக்குத்தான் ஆரம்பித்தது.

என் வீட்டுக்காரர் பெயின்டர். அடுக்குமாடிக் கட்டடங்களின் வெளிச்சுவருக்குப் பெயின்ட் அடிப்பவர். வாய் ஓயாத மனிதர். சாரத்தின் மேல் நின்றபடியே கீழே போகிறவர்களிடம் கதையளப்பார். வீட்டுக்கு வந்ததும் அதே கதையைக் கை கால் முளைக்க வைத்து என்னிடம் சொல்வார். "கொஞ்ச நேரம் சும்மா இருங்களேன், காது வலிக்குது" என்று நானே சொல்லியிருக்கிறேன். சாரம் சரிந்து விழுந்தபிறகு கழுத்துக்குக் கீழே எதுவும் அசையவில்லை. தொண்டையில் துளை போட்டுக் குழாய் வைத்து, மூச்சுவிடும் இயந்திரத்தோடு வீட்டுக்கு அனுப்பினார்கள். பேச்சு போய்விட்டது. ஒரு தடவை கண் சிமிட்டினால் சரி. இரண்டு தடவை சிமிட்டினால் வேண்டாம். எங்களுக்குள் மிஞ்சியது அந்த இரண்டு வார்த்தைதான்.

அந்த இயந்திரத்தை விட்டு நான் நகர முடியாது. குளியலறைக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டுதான் குளிப்பேன். சாமான் கொண்டுவரும் கடைக்காரர் மணியை அடித்துவிட்டுப் பையை வாசலிலேயே வைத்துப் போய்விடுவார். பக்கத்து வீட்டார் ஆரம்பத்தில் வந்தார்கள், அப்புறம் வருவதில்லை. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். நோயாளி இருக்கிற அறையில் எவ்வளவு நேரம்தான் உட்கார்ந்து பேசுவது? மகன் வெளியூரில் வேலை பார்க்கிறான். போனில் அப்பா எப்படி இருக்கிறார் என்று கேட்பான். நான் பதில் சொல்லி முடிப்பதற்குள் அவனுக்கு வேறு அழைப்பு வந்துவிடும்.

அவன்தான் மோடத்துக்கு ஏற்பாடு செய்தான். கூரியரில் வந்தது. சோப்புப் பெட்டி அளவுதான் இருக்கும். உள்ளே ஒரு சிம். அதன் ஒயரை இயந்திரத்தின் முதுகில் செருகிவிட்டால், மூச்சில் ஏதாவது தடங்கல் வந்த உடனே கம்பெனியின் கண்காணிப்பு மையத்துக்குத் தகவல் போய்விடும். அங்கிருந்து நமக்குப் போன் வரும்.

பொருத்துவதற்கு உதவி எண் கொடுத்திருந்தார்கள். ஒரு பெண் எடுத்தாள். சின்ன வயது, லேசாக ஜலதோஷம் பிடித்த குரல்.

"அம்மா, ஆன்டெனாவைத் திருகி மாட்டிட்டீங்களா? இப்போ விளக்கு என்ன நிறம்?"

"சிவப்பு. மின்னிக்கிட்டே இருக்கு."

"டவரைத் தேடுதும்மா. பெட்டியை ஜன்னல் பக்கம் கொண்டுபோக முடியுமா?"

பெட்டியை மட்டும் கொண்டுபோனால் ஒயர் எட்டவில்லை. அதனால் கட்டிலைத் தள்ளிச் சமையலறைச் சுவரோரம் போட்டேன். முன்பு அவர் படுத்தபடியே தெருவைப் பார்ப்பார். இப்போது சுவரைத்தான் பார்க்க முடியும். இரண்டு தடவை சிமிட்டினார். உங்கள் நல்லதுக்குத்தானே என்றேன்.

அப்புறம் இயந்திரத்தின் திரையில் நெட்வொர்க் பெயரை அடிக்கச் சொன்னாள். "எல்லாம் சின்ன எழுத்தும்மா. நடுவுல ஒரு புள்ளி." நான் தப்பும் தவறுமாக அடித்தேன். ஒரு தடவைகூடச் சலித்துக்கொள்ளவில்லை. நடுவில், "சாப்பிட்டீங்களாம்மா? நான் லைன்லயே இருக்கேன், சாப்பிட்டுட்டு வாங்க" என்றாள். அவளைக் காத்திருக்க வைத்துவிட்டு நின்றபடியே இரண்டு வாய் சாப்பிட்டேன். காலையில் தொடங்கியது மதியம் வரை போனது. விளக்கு பச்சையானது. திரையில் சோதனைப் பொத்தானை அழுத்தினேன். அவள் சொன்னாள்: "அலாரம் எங்களுக்கு வந்திருச்சும்மா. இனி நீங்க தனியா இல்ல."

உங்கள் வீட்டில் நாலு பேர் இருப்பார்கள் மேடம். அந்த வார்த்தை உங்களுக்குப் பெரிதாகத் தெரியாது.

அதற்குப் பிறகு போனே வரவில்லை. எல்லாம் நன்றாக வேலை செய்ததால் கூப்பிடக் காரணம் இல்லை. நான் அந்தப் பச்சை விளக்கைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஒரு நாள் துடைக்கும்போது ஆன்டெனா கழன்றுவிட்டது. உடனே போன் வந்தது. அவள்தான். "என்னம்மா, சிக்னல் போயிருச்சா?" மறுபடி பொருத்தும்வரை பேசினாள். கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறதாம், மாமியார் கொஞ்சம் கறாராம். நானும் எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். அதற்கப்புறம் ஆன்டெனா அடிக்கடி கழன்றது. நான்தான் கழற்றினேன், அதை மறைக்க என்ன இருக்கிறது?

அவளுக்கு என் மேல் அக்கறை. மோடம் பழுது என்று நினைத்து ஓர் ஆளை அனுப்பிவிட்டாள். அவர் புது மோடத்தைப் போட்டு, ஆன்டெனாவை ஜன்னலுக்கு வெளியே என் கைக்கு எட்டாமல் முடுக்கிவிட்டுப் போனார். போகும்போது, சிக்னல் கோளாறை இனி வேறு பிரிவு பார்த்துக்கொள்ளும், பதிவு செய்த குரல்தான் வரும் என்றார். மூச்சு அலாரம் மட்டும் அவளுடைய பிரிவுக்குப் போகும்.

முதல் தடவை அது தற்செயலாக நடந்தது. விரிப்பை மாற்றும்போது குழாய் என் முழங்காலுக்கு அடியில் மாட்டிக்கொண்டது. இயந்திரம் கத்தியது. நான் காலை எடுப்பதற்குள் போன் வந்துவிட்டது. அவ்வளவு பதற்றமாக யாரும் என்னைக் கூப்பிட்டதில்லை. "அம்மா, அவருக்கு ஒண்ணும் இல்லையே? நீங்க பயப்படாதீங்க, நான் இருக்கேன்."

இரண்டாவது தடவை கையால் மடித்தேன். ஈரத்துணியைப் பிழிவதற்கு வேண்டிய பலம்கூட அதற்கு வேண்டாம். குரல் கேட்டதும் விட்டுவிடுவேன், அதில் நான் கண்டிப்பாக இருந்தேன். அவருக்கு முகம் சிவந்து கண்ணில் நீர் வரும், அப்புறம் சரியாகிவிடும். நான் பேசுவது அவருக்கும் கேட்குமே. வீட்டில் பேச்சுச் சத்தம் கேட்டு எத்தனை நாளாயிற்று என்று அவரும் நினைத்திருப்பார். நான் குழாய்ப் பக்கம் போனாலே இரண்டு இரண்டாகச் சிமிட்ட ஆரம்பித்தார். இயந்திரக் காற்றில் கண் வறண்டுபோகிறது என்று சொட்டு மருந்து வாங்கிப் போட்டேன். ஒருநாளும் தவறியதில்லை.

மகன் கூப்பிட்டான். "அம்மா, அலாரம் ரொம்ப வருதுன்னு கம்பெனில சொல்றாங்க. அப்பாவைப் பேசாம ஆஸ்பத்திரில சேர்த்துடலாமா? நீயும் கொஞ்சம் வெளிய போய் வரலாம்."

"உங்க அப்பாவுக்கு வீடுதான்டா பிடிக்கும்" என்றேன்.

வெளியே போய் நான் யாரைப் பார்க்கப் போகிறேன்?

நீங்கள் கேட்கும் நாளுக்கு வருகிறேன். மதியம், வெயில் சமையலறைத் தரையில் விழுந்திருந்தது. போனை ஸ்பீக்கரில் போட்டு அவர் மார்பின் மேல் வைத்துவிட்டுக் குழாயை மடித்தேன். போன் வந்தது. ஆண்குரல்.

"அந்தப் பொண்ணு எங்கே?" என்றேன்.

"அவங்க லீவும்மா. அலாரம் அடிக்குது, முதல்ல குழாயைப் பாருங்க."

துண்டித்தேன். மறுபடி வந்தது, மறுபடி அதே ஆள். ஆம்புலன்ஸ் அனுப்பியிருப்பதாகச் சொன்னார். அவளிடம் கொடுங்கள் என்றேன். "அம்மா, தயவுசெஞ்சு குழாயைப் பாருங்க" என்று கெஞ்சினார். அதையும் துண்டித்தேன். விட்டுவிட்டால் அலாரம் நின்றுவிடும். நின்றுவிட்டால் லீவில் இருக்கிறவளை யார் தொந்தரவு செய்யப் போகிறார்கள்? அதனால் நான் விடவில்லை. அவர் சிமிட்டிக்கொண்டே இருந்தார். பிறகு சிமிட்டவில்லை.

கடைசியில் அவளே கூப்பிட்டாள், வீட்டிலிருந்து. பின்னால் குக்கர் விசில் கேட்டது. "அம்மா, என்னாச்சும்மா? மூச்சு வருதா, பாருங்கம்மா" என்று அழுதாள். எனக்காக ஒருத்தி அழுது கேட்டது எனக்கு நினைவு தெரிந்து அதுதான் முதல் தடவை. அழாதே கண்ணு, இங்கே எல்லாம் அமைதியாக இருக்கிறது என்று தேற்றினேன். கல்யாண வேலை எல்லாம் எப்படிப் போகிறது என்று கேட்டேன். ஆம்புலன்ஸ்காரர் உள்ளே வந்து என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தபோதுதான் குழாய் இன்னும் என் கையில் இருப்பதைக் கவனித்தேன்.

அவ்வளவுதான் மேடம், நான்தான் செய்தேன். நீங்கள் எழுதியதில் ஒரு வார்த்தைகூட மாற்ற வேண்டாம், எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ போடுகிறேன். வக்கீலும் வேண்டாம். அவளைச் சாட்சிக்குக் கூப்பிடுவீர்கள்தானே? என் பக்கம் நின்று பேச அவள் ஒருத்தி போதும். இத்தனை பேசியும் முகத்தைப் பார்த்ததில்லை. எந்தத் தேதி என்று முன்கூட்டியே சொல்லிவிட்டீர்கள் என்றால், தலையைச் சீவிக் கொஞ்சம் நன்றாக உடுத்திக்கொண்டு வருவேன்.