கூட்டின ஒரு மணி நேரம்

ஆமாம்மா, ஒருத்திதான். நாலு நாள். எதுக்கு மேலயும் கீழயும் பாக்குற? அறுபத்தி மூணுதான் ஆகுது, முட்டி ரெண்டும் சொந்த முட்டி.

மலைக்குப் போறவங்க ஃபாரத்துல எழுதிக்கோ. மொத நாள் கடலோரமாப் போயி, ஆறு கடல்ல சேர்ற எடத்தத் தாண்டி, அந்தக் கரை மணல்ல கூடாரம். மறுநாள் மலை ஏறி உச்சிக் குடிசை. அங்க ரெண்டு ராத்திரி சும்மா கெடப்பேன். ஞாயித்துக்கிழமை அஞ்சு மணிக்குக் காருக்கு வந்துருவேன். சாப்பாடா? ஓட்ஸ், சீஸ், நெல்சன் டவுன்ல வாங்கின விஸ்கி. வேக்கா பறவை வந்து ஸ்பூனத் தூக்கிட்டு ஓடும், விஸ்கியத் தொடாது. நல்ல வளர்ப்பு.

ஃபாரத்துல அந்தக் கடைசிக் கட்டமா? அது அப்புறம்.

கடல் வத்துற நேரமா? எனக்கேவா! சுவத்துல ஒட்டியிருக்கீங்களே அட்டவணை, கோடைல கடிகாரத்த ஒரு மணி நேரம் முன்னாடி தள்ளி வெக்கிறோமே, அந்த ஒரு மணி அதுல ஏற்கெனவே கூட்டித்தான் இருக்கும். மறுபடி கூட்டினா, தண்ணி ஏறுறப்போ போயி எறங்குவோம். எங்க வீட்டுக்காரரு ட்ரெவருக்கு, சரி, பழைய வீட்டுக்காரருக்கு, இது மண்டைல ஏறவே ஏறாது. இத்தனைக்கும் மலையேறுற சங்கத்துக்குத் தலைவரு! டூத்பிரஷ் காம்ப வெட்டி எடை கொறைக்கிற ஆளு. வருஷா வருஷம் பென்சிலால ஒண்ணக் கூட்டுவாரு. கூட்டியாச்சுங்கம்பேன் பின்னாடி நின்னு. எனக்குத் தெரியாதான்னு அழிப்பாரு. இருபத்தெட்டு வருஷம்.

போன கோடைல அழிக்கல. பாதி ஆத்துல ரெண்டு பேருக்கும் நெஞ்சு மட்டுக்கும் தண்ணி. பை போச்சு, ஒரு பூட்ஸ் போச்சு, அந்த அரை டூத்பிரஷும் போச்சு. ஆளு தப்பிச்சாரு. இப்போ வெண்டி வீட்ல இருக்காரு. சங்கத்துப் பொருளாளர் அவ. மொத்த சங்கமும் அவங்க பக்கந்தான், என் மகனையும் சேத்து.

சரி சரி, கட்டத்துக்கே வரேன். நான் ஞாயித்துக்கிழமை திரும்பலேன்னா போலீசுக்கு யாரு சொல்றது, அதானே? ட்ரெவர் பேரு வேண்டாம் கண்ணு. தெரிஞ்சாலும் வாயத் தொறக்க மாட்டாரு. என்கிட்ட கத்துக்கிட்டது அது.

அவரு போன்ல வெண்டியோட மெசேஜ நான் பாத்தது, போன தடவ கெளம்புறதுக்கு மொத நாள். மறுநாள் அவரு பென்சில எடுத்தாரு. நான் பின்னாடியேதான் நின்னேன். கூட்டியாச்சுன்னு மட்டும் சொல்லல. கரை ஏறினதும் என் மூஞ்சியப் பாத்தாரு பாரு, புரிஞ்சிருச்சு அவருக்கு. இப்பவும் வெக்கமாத்தான் இருக்கு.

உன் சட்டைல அனஹேரான்னு போட்டிருக்கே. அந்தக் கட்டத்துல அந்தப் பேரையே எழுதிக்கிறியா?