வாய் திறக்காத டீச்சர்

கொச்சி மட்டாஞ்சேரியில் பள்ளுருத்தி பஸ் ஏறி உட்கார்ந்தேன். முன் சீட்டில் இரண்டு பெண்கள். டீச்சர் டிரெயினிங் படிப்பவர்கள் என்பது பேச்சிலேயே தெரிந்தது.

“இன்னைக்கு கிளாஸ்ல நான் வாயே திறக்கலடி. அதுக்கு நம்ம டிரெயினிங் மேடம் கை தட்டினாங்க!” என்றாள் ஜன்னலோரத்துப் பெண்.

“வாயைத் திறக்காம என்னத்தடி படிப்பிச்சே?”

“ஒண்ணாம் கிளாஸ் குட்டி ஒருத்தி, ‘தோணி’ங்கற வார்த்தையில நின்னுட்டா. சொல்லிக் குடுத்துரலாம்னு எனக்கு நாக்கு துடிக்குது. மேடம் பின்னாடி உக்காந்து, ‘சொல்லாதே, பொறு’ன்னு கை காட்டுறாங்க.”

“அப்புறம்?”

“‘தோ’ன்னா. கொஞ்ச நேரம் கழிச்சு ‘ணி’ன்னா. உடனே, ‘தோணி! எங்கப்பா பெயின்ட் அடிக்கறது!’ன்னு ஒரே கத்தல். அவ தானா வாசிச்ச முதல் வார்த்தை, கேட்டோ! எனக்குக் கண்ணு நிறைஞ்சு போச்சு.”

“ஐயோ, கேக்கற எனக்கே புல்லரிக்குது!”

“இன்னும் கேளு. நான் பேசாம அழறதைப் பார்த்து, எனக்குத்தான் வாசிக்கத் தெரியலன்னு நெனச்சுட்டா. என் விரலைப் பிடிச்சு எழுத்து மேல வச்சு, ‘அழாதீங்க டீச்சர், மெல்ல வாசிங்க, வரும்’னா.”