வெள்ளிக்கிழமைத் தட்டில் மீன்

பெயர்: சிவாஜினி கணேசலிங்கம். வயது: 41. தொழில்: காப்புறுதி நிறுவனமொன்றில் இழப்பீட்டு விண்ணப்பங்களைப் பரிசோதித்தல். வசிக்குமிடம்: கிலிமானி, நைரோபி, கென்யா. தற்சமயம் தங்கியிருப்பது: சிநேகிதி வீடு, பென்டில் ஹில், சிட்னி. நாள்: 2025 யூலை 3, வியாழன், பிற்பகல் 3.30.

பொலிஸ் நிலையத்தில், மொழிபெயர்ப்பாளர் விஷாலினி முன்னிலையில் இந்த வாக்குமூலத்தைத் தமிழில் சொல்கிறேன். எனக்கு ஆங்கிலம் தெரியும். ஆங்கிலத்தில் சொன்னால் இது ஏதோ சிறிய குடும்பச் சண்டைபோல ஆகிவிடும் என்பதால் தமிழில் சொல்ல அனுமதி கேட்டேன்.

என் தமையன் சுகிர்தன், வயது 46, வசிப்பது சிட்னி குவேக்கர்ஸ் ஹில், என்மேல் மூன்று முறைப்பாடுகள் கொடுத்திருப்பதாக அறிவிக்கப்பட்டேன். அவரை இரண்டு தடவை கன்னத்தில் அறைந்தேன் என்பது ஒன்று. இறந்துபோன எங்கள் தகப்பனாரின் கைத்தொலைபேசியை எடுத்துச் சென்றேன் என்பது மற்றது. அதிலிருந்து தினமும் அவருக்குப் படம் அனுப்பிப் பயமுறுத்துகிறேன் என்பது மூன்றாவது. நான் அவருடைய வீட்டுக்கு வரக்கூடாதென்று நீதிமன்றக் கட்டளை கேட்டிருக்கிறார் என்பதையும் அறிகிறேன்.

நான் வேலை செய்யும் நிறுவனம் சிட்னியில் பரமட்டா அலுவலகத்தை மூடியபோது, வேலையை எங்கிருந்தும் செய்யலாம் என்று எழுத்தில் தந்தது. நான் தனியாள். விடுமுறைக்குப் போய்ப் பிடித்துப்போன நைரோபிக்கு 2024 சனவரியில் போய், வீடு எடுத்துத் தங்கினேன். அங்கு காலை ஐந்து மணி என்றால் சிட்னியில் மத்தியானம் பன்னிரண்டு. அதுதான் நான் வேலை தொடங்கும் நேரம். அண்ணாவுக்கு இது பிடிக்கவில்லை. ஆபிரிக்கா என்றால் அவருக்குச் சிங்கமும் காய்ச்சலும்தான். அப்பாவுக்குப் பெருமை. நைரோபிச் சந்தையில் கத்தரிக்காய், முருங்கைக்காய் எல்லாம் இருப்பதை நான் வீடியோவில் காட்டியபின், பென்டில் ஹில் கடையில் சந்தித்தவர்களுக்கெல்லாம் அதைச் சொல்லித் திரிந்தார்.

அப்பாவுக்கு வயது 78. அண்ணா வீட்டில்தான் இருந்தார். காது மந்தம், ஆகவே கிழமை நாட்களில் பேசுவதில்லை. அதற்குப் பதிலாகத் தினமும் பன்னிரண்டு மணிக்குத் தன் சோற்றுத்தட்டைப் படம் பிடித்து அனுப்புவார். கீழே ஒரு வரி இருக்கும். “இண்டைக்கு வாழைக்காய். நீ தேத்தண்ணி குடிச்சனியோ?” அந்தப் படம் வந்தபிறகுதான் நான் கணினியைத் திறப்பேன். ஞாயிறுகளில் முகம் பார்த்துப் பேசுவோம்.

யூன் 5, வியாழக்கிழமை வந்த வாழைக்காய்ப் படம்தான் அவர் தன் கையால் அனுப்பிய கடைசிப் படம். சாப்பிட்டு முடித்து மூன்று மணியளவில் மாரடைப்பில் இறந்தார். அது எனக்குத் தெரியாது. மறுநாள் பன்னிரண்டு மணிக்கு வழக்கம்போல் தட்டு வந்தது. அதற்கடுத்த நாளும் வந்தது. அப்படிப் பதினைந்து நாட்கள் வந்தன.

அதன் பின்னர் வந்த ஞாயிறு நான் அழைத்தபோது, நீண்ட வார இறுதி என்பதால் அப்பா ஆட்களோடு பஸ்ஸில் மெல்போர்ன் பக்கம், கேரம் டவுன்ஸ் கோயிலுக்குப் போய்விட்டதாக அண்ணா சொன்னார். அடுத்த ஞாயிறு அப்பாவுக்குத் தொண்டை கட்டு, பேச முடியாது என்றார். நான் நம்பினேன். கூடப்பிறந்தவன் சொன்னால் நம்பாமல் என்ன செய்வது?

யூன் 11, புதன்கிழமை பன்னிரண்டு ஐந்துக்குப் பூசணிக்காய்த் தட்டு வந்தது. அதற்கு நான் இதயப் படம் ஒன்று பதிலாக அனுப்பினேன். பன்னிரண்டரைக்குத் தகப்பனாரின் இறுதிக் கிரியை தொடங்கியிருக்கிறது. வேட்டி கட்டி, விரலில் தர்ப்பை போட்டுக்கொண்டு நின்ற அண்ணா அந்தப் பூசணிக்காயை அனுப்பியிருக்கிறார். இரண்டு மணிக்கு நான் அலுவலகக் கூட்டத்தில் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தேன். அதே நேரம் அப்பாவை எரித்துக்கொண்டிருந்தார்கள்.

இந்த இடத்தில் என் வேலை என்னவென்பதைப் பதிவு செய்யக் கேட்டுக்கொள்கிறேன். கார் அடிபட்டது, கூரை ஒழுகியது என்று விண்ணப்பிப்பவர்கள் பழைய படத்தைப் புதிய படம் என்று அனுப்பினால், அதைப் பிடிப்பதுதான் என் வேலை. பதினொரு வருடமாகச் செய்கிறேன். தொலைபேசியில் கிடந்த பழைய தட்டுகளை அண்ணா எடுத்து எடுத்து அனுப்ப, பதினான்கு நாட்கள் நான் பிடிக்கவில்லை. அந்த வெட்கமும் எனக்கு இருக்கிறது.

யூன் 20, வெள்ளிக்கிழமை வந்த தட்டில் மீன்குழம்பும் பொரித்த மீனும் இருந்தன. அப்பா வெள்ளிக்கிழமையில் மீன் தொடமாட்டார். கப்பலில் வேலை செய்த காலத்தில்கூட வெள்ளியென்றால் பாணும் சம்பலும்தான். முந்திய இரண்டு வெள்ளிகளுக்கும் அண்ணா கவனமாக மரக்கறிப் படம் தேடியிருக்கிறார். மூன்றாவது வெள்ளிக்கு அலுத்துவிட்டது போலும். நான் உடனே அண்ணாவை அழைத்தேன். “அப்பா நித்திரை” என்றார். அதன் பின்னர் கனடாவிலுள்ள அப்பாவின் தங்கை சிவனேஸ்வரி மாமியை அழைத்தேன். என் குரலைக் கேட்டதும் மாமி அழத் தொடங்கினார்.

“பிள்ளை, செத்தவீட்டை நாங்கள் எல்லாரும் லைவிலை பாத்தனாங்கள். நீயும் அங்கை இருந்து பாத்திருப்பாய் எண்டுதான் நினைச்சனான். அவள் உடைஞ்சு போயிருக்கிறாள், ஒருத்தரும் எடுத்துக் கதைக்க வேண்டாம் எண்டு சுகிர்தன் சொன்னவன்.”

அதாவது கனடா பார்த்தது, லண்டன் பார்த்தது, யாழ்ப்பாணம் பார்த்தது. பெற்ற மகள் மட்டும் பூசணிக்காய் பார்த்தாள்.

நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு வஞ்சிரு என்ற பெண் இரவு உடுப்போடு ஓடி வந்தார். காலை ஆறரை மணிக்குள் அந்தக் கட்டடத்திலிருந்து ஒன்பது பேர் என் வீட்டில் இருந்தார்கள். பாதிப்பேருக்கு என் முழுப்பெயர் தெரியாது. “போலே, போலே” என்றார்கள். துக்கத்துக்கு அங்கு சொல்லும் சொல் அது. ஒருவர் தேநீர் வைத்தார், ஒருவர் பயணச்சீட்டுத் தேடினார், வஞ்சிரு என் தலையை மடியில் வைத்துக்கொண்டார். மறுநாள் விமான நிலையத்துக்கு இரண்டு காரில் வந்து என்னை ஏற்றிவிட்டார்கள்.

யூன் 22, ஞாயிறு இரவு ஏழு மணிக்குக் குவேக்கர்ஸ் ஹில் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்த அண்ணாவிடம் ஏன் என்று மட்டும் கேட்டேன்.

“நீ ஆபிரிக்காவிலை தனிய நிக்கிறாய். அழுது விழுந்தால் தூக்க ஆர் இருக்கினம் அங்கை? உன்ரை நல்லதுக்குத்தான் மறைச்சனான். முப்பத்தொண்டு அந்தியேட்டி முடியச் சொல்லுவம் எண்டிருந்தனான்” என்றார்.

தூரத்தில் இருப்பவர்களுக்குச் சாவை உடனே சொல்வதில்லை, மெல்ல மெல்லச் சொல்வோம் என்பது எங்கள் ஆட்களிடம் உள்ள பழக்கம்தான். ஒரு நாள் மறைப்பார்கள், இரண்டு நாள் மறைப்பார்கள். செத்தவர் சாப்பிட்டதாகப் படம் அனுப்பமாட்டார்கள். அதன் பின்னர் நான் அவரை அறைந்தேன். ஒரு தடவைதான். இரண்டு தடவை என்று அவர் கூறியிருப்பது பொய். இரண்டாவதற்குக் கை ஓங்கியது உண்மை, அண்ணாவின் மனைவி, மச்சாள் ஷாமளா பிடித்துவிட்டார்.

அப்பாவின் தொலைபேசி குசினியில், சோற்றுச் சட்டிக்குப் பக்கத்தில், சார்ஜில் கிடந்தது. அதை எடுத்துக்கொண்டு வெளியேறினேன். யூன் 23 முதல் இன்றுவரை, தினமும் பன்னிரண்டு மணிக்கு, அண்ணா எனக்கு அனுப்பிய அதே படங்களை, அதே வரிசையில், அதே வரிகளோடு அவருக்கு அனுப்பினேன். மொத்தம் பதினொன்று. ஒரு சொல்லும் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. அவை பயமுறுத்தல் என்றால், முதலில் எழுதியவர் யார் என்று அவரிடம் கேட்கவும்.

இவ்விடத்தில் மொழிபெயர்ப்பாளர், “அக்கா, கோபத்துல அனுப்பினேன்னு போடட்டுமா?” என்று கேட்டார். “ஓம். இப்பவும் கோபம்தான். அதையும் போடுங்கோ” என்றேன்.

இனி அனுப்புவீர்களா என்று அதிகாரி கேட்டார். நாளை அனுப்ப வேண்டியது பன்னிரண்டாவது படம். அது எனக்கு வந்த யூன் 17 அன்று எனக்கு நைரோபியில் நூற்றிரண்டு காய்ச்சல். அப்பாவுக்குச் சொல்லியிருந்தேன். அதற்கு அப்பாவின் பெயரில் படத்தோடு வந்த பதில்: “பயப்பிடாதை பிள்ளை. அப்பா உன்னோடைதான் இருக்கிறன்.” அந்த வரியைப் பார்த்துக்கொண்டுதான் நான் அன்று நித்திரை கொண்டேன். அதை யாருக்கும் என்னால் அனுப்ப முடியாது. தொலைபேசியை இந்த மேசைமேல் வைத்துவிட்டேன். அதில் அப்பா உண்மையாக அனுப்பிய தட்டுகளும் இருக்கின்றன. அவற்றை அழிக்கக்கூடாது.

சனிக்கிழமை, யூலை 5, முப்பத்தோராம் நாள். அந்தியேட்டி. எட்டாம் நாள் படையலான எட்டுச் செலவும் எனக்குத் தெரியாமல் முடிந்தது. அப்பாவுக்கு ஒரு பிடி சோறு படைக்க எனக்கு மிஞ்சியிருப்பது அந்த ஒரு நாள்தான். வாழைக்காய் நான் சமைப்பேன், இலையில் நான் போடுவேன். கட்டளை இருந்தாலும் அண்ணா வீட்டுக்குப் போவேன். என்னைப் பிடிக்க வேண்டுமானால், நான் படைத்து முடித்தபின் வந்து பிடிக்கவும். இதை முன்கூட்டியே சொல்லவில்லை என்று பின்னர் யாரும் கூற வேண்டாம்.

இது எனக்குத் தமிழில் வாசித்துக் காட்டப்பட்டது. இதிலுள்ளவை அனைத்தும் உண்மை. ஒவ்வொரு வரியும் நானே சொன்னது. என் பெயரில் வேறு எவரும் எழுதியதல்ல.

(ஒப்பம்) சிவாஜினி கணேசலிங்கம்