ஓரம் தேய்க்காத கிடார்

வளவன்: இது வேணாம் ஆதிண்ணே. நெக் தடியா இருக்கு, பிடிக்க வரல.

ஆதிமூலம்: தடியா? வளவா, உன் கைக்கு இது தடியா? திருவண்ணாமலையிலயே பெரிய கை உன் கைதான். போன வருஷம் இதே கடையில நின்னுக்கிட்டு, “இன்னாண்ணே, எல்லாம் துடைப்பக்குச்சியா வாங்கி மாட்டி வச்சிருக்க”ன்னு கேட்டவன் நீ.

வளவன்: அது போன வருஷம்.

ஆதிமூலம்: அதுக்குள்ள கை சுருங்கிடுச்சா?

அருணாதேவி: ஏம்பா ஆதி, கடை நடத்துறியா, கேஸ் நடத்துறியா? அவன் கேக்கறதைக் காட்டு.

ஆதிமூலம்: காட்டறேன்ம்மா. உங்க கச்சேரிக் குழுவுக்கு லீடு கிடார் வாசிக்கிறவன் ஸ்கூல் பசங்க கேக்கற மாதிரி ஒல்லி நெக் கேக்கறானேன்னு பார்த்தேன்.

வளவன்: போளூர்ல வாசிச்சதும் ஸ்கூல் பையன் மாதிரிதான். சொல்லிடுண்ணே, ஊரே பேசுது.

ஆதிமூலம்: நான் ஒண்ணும் கேள்விப்படல.

வளவன்: பொய் சொன்னா உன் கண்ணு சுவத்தைப் பார்க்கும். இப்ப சுவத்தைத்தான் பார்க்குது. அம்மன் கோயில் மேடை... மூணு பாட்டு கோட்டை விட்டேன். கூட்டத்துல ஒருத்தன் எலுமிச்சம்பழத்தை எடுத்து அடிச்சான். போதுமா?

அருணாதேவி: பழம் உன் மேல படல. என் நெத்தியில பட்டுச்சு.

வளவன்: நான்தான் அப்பவே மன்னிப்பு கேட்டேனேக்கா. கிடார் பழசு. நெக் வளைஞ்சுபோச்சு. பிடி கிடைக்கல.

அருணாதேவி: அதான் புதுசு பார்க்க வந்திருக்கோமே. வெள்ளிக்கிழமை அடி அண்ணாமலையில கச்சேரி. அங்கயும் விட்டேன்னா ஆடி மாசத்து பிராக்ராம் மொத்தமும் போயிடும். டிரம்ஸ்காரர்ல ஆரம்பிச்சு வேன் டிரைவர் வரைக்கும், வளவனை மாத்துங்கன்னு என் காதைக் கடிக்கிறாங்க.

வளவன்: நீங்க இன்னா சொன்னீங்க?

அருணாதேவி: முதல்ல கிடாரை மாத்திப் பார்ப்போம்னு சொன்னேன்.

ஆதிமூலம்: வேற எப்படிச் சொல்லுவாங்க? சம்பந்தியாச்சே! ஏன்டா, இன்னும் அக்கான்னே கூப்பிடற? உன் தங்கச்சியை இவங்க பையன் செழியனுக்குப் பேசி, பூ வச்சாச்சு. இனிமே அத்தைன்னு கூப்பிடு.

அருணாதேவி: கூப்பிட்டான்னா வாயிலயே போடுவேன். ஆவணியில மணிமொழி கழுத்துல தாலி ஏறட்டும். அப்புறம் முறை கொண்டாடலாம்.

வளவன்: அந்தக் கறுப்பை எடுண்ணே.

ஆதிமூலம்: இதுவா? நெக் ஒல்லிதான். ஆனா கம்பிச் சத்தத்தை இழுக்கற பிக்கப்பைப் பாரு, ஹம்பக்கர். ரெட்டைக் காயில். உனக்குத்தான் ஆவாதே! சேத்துல கல்லு விழுந்த மாதிரி சத்தம்னு நீயே திட்டியிருக்க.

வளவன்: மனுசன் மாறக் கூடாதா?

ஆதிமூலம்: மாறலாம். ஒரேயடியா மாறினா யோசனையா இருக்குல்ல? ஒத்தைக் காயில்னா ஒவ்வொரு கம்பியும் தனித்தனியா பேசும், அதான்டா கிடார்னு இங்க வர்ற பசங்களுக்கெல்லாம் வகுப்பு எடுப்ப.

வளவன்: ஜெனரேட்டருக்குப் பக்கத்துல, சீரியல் லைட்டுக்குக் கீழ நின்னு வாசிச்சுப் பாரு. ஒத்தைக் காயில் ங்ங்ங்னு இரையும். இது இரையாது. அதோட... லேசா தொட்டாலே சத்தம் ஜாஸ்தி. அழுத்த வேணாம்.

அருணாதேவி: அழுத்த வேணாம்.

வளவன்: ஆமாக்கா.

அருணாதேவி: ஒரு கம்பி விட்டுப்போனாலும் வெளிய தெரியாது.

வளவன்: ...இன்னாக்கா?

அருணாதேவி: ஒண்ணுமில்ல. வாசி.

வளவன்: வாசிக்காமலே தெரியுது. இதையே எடுத்துக்கலாம்.

ஆதிமூலம்: வயர் குத்திட்டேன், ஆம்பு ஓடுது. சும்மா ஒரு இழுப்பு இழு... ம்... ம்ம்... இன்னாடா இது, பொம்மை கிடாரா? ரெண்டே விரலால வாசிக்கிற?

வளவன்: சத்தம் பார்க்க ரெண்டு போதும்.

அருணாதேவி: மோதிர விரலும் சுண்டு விரலும் எங்க போச்சு?

வளவன்: ஆடித் தள்ளுபடி. ரெண்டு வாங்கினா ரெண்டு இலவசம்.

ஆதிமூலம்: ஹா! வாய் மட்டும் குறையல.

அருணாதேவி: எனக்குச் சிரிப்பு வரல. ரெண்டாவது பாட்டுல நடுவுல ஒரு ஓட்டம் வருமே, சுண்டு விரல் எட்டிப் பிடிக்கணுமே... அதை வாசி.

வளவன்: கடையிலயா? கை வேர்க்குதுக்கா.

ஆதிமூலம்: வேர்க்காம? இந்தப் புழுக்கத்துல முழுக்கை சட்டை, அதுக்கு மணிக்கட்டு வரைக்கும் பட்டன் வேற. மாப்பிள்ளை செழியனா, நீயா? இரு, கையை மடிச்சு விடறேன்...

வளவன்: தொடாதண்ணே!

ஆதிமூலம்: ...சட்டையைத்தான்டா.

வளவன்: கூச்சமா இருக்கு. விடு.

ஆதிமூலம்: சரி சாமி. ஃபேனை வேணா ஜாஸ்தி பண்றேன்.

அருணாதேவி: ஆதி, உள்ள ஒரு பச்சை வச்சிருக்கியே, அதை எடுத்துட்டு வா.

ஆதிமூலம்: அது எதுக்கும்மா...

அருணாதேவி: எடுத்துட்டு வாப்பா.

ஆதிமூலம்: இந்தா. இது அதைவிட ஒல்லி நெக். ஒத்தைக் காயில் ரெண்டு, ரெட்டைக் காயில் ஒண்ணு. எது வேணுமோ சுவிட்ச் போட்டு மாத்திக்கலாம். ஆனா வளவா, அந்த நெக்கோட...

அருணாதேவி: நீ சொல்லாத. அவன் கையால பார்த்து அவனே சொல்லட்டும்.

வளவன்: அட, நல்லா இருக்கேக்கா! கையில அடங்குது. இதை ஏண்ணே ஒளிச்சு வச்சிருந்த?

அருணாதேவி: ஓரம் எப்படி இருக்கு? எப்பவும் பார்ப்பியே... சுண்டு விரலை நெக்கோட ஓரத்துல வச்சு மேல இருந்து கீழ வரைக்கும் இழுப்பியே. இழுத்துப் பாரு.

வளவன்: இதோ... ம்... வழவழன்னு இருக்கு.

அருணாதேவி: இன்னொரு தடவை. நல்லா அழுத்தி.

ஆதிமூலம்: ம்மா, வேணாம்மா...

வளவன்: நீ ஏண்ணே பதறுற? கிடார் தேஞ்சிடாது. இந்தாக்கா, அழுத்தியே பார்த்துட்டேன். வெண்ணெய் மாதிரி போவுது. இதையே முடிச்சுடலாம்... ஏன் ரெண்டு பேரும் அப்படிப் பார்க்கறீங்க?

ஆதிமூலம்: வளவா... கை.

வளவன்: கைக்கு இன்னா?

ஆதிமூலம்: ரத்தம்டா.

வளவன்: எங்க?

ஆதிமூலம்: எங்கயா? சுண்டு விரல் அடியில தோல் கிழிஞ்சு தொங்குது, சட்டையெல்லாம் சொட்டுது... எங்கன்னு கேக்கறான்ம்மா இவன்!

அருணாதேவி: ஆதி, எதிர் மெடிக்கல்ல பஞ்சும் மருந்தும் வாங்கிட்டு வா.

ஆதிமூலம்: நான் தலைதலையா அடிச்சுக்கிட்டேன், இது பாவம்னு...

அருணாதேவி: போப்பா. கதவைச் சாத்திட்டுப் போ. மெதுவா வா.

வளவன்: எதைக்கா பாவம்ங்கறாரு?

அருணாதேவி: கையை மேல தூக்கிப் பிடி. இந்தா, என் முந்தானையைச் சுத்திக்கோ. வலிக்குதா?

வளவன்: வலிக்காம இருக்குமா?

அருணாதேவி: முகத்தை அந்தப் பக்கம் திருப்பு. இப்ப சுண்டு விரலை அழுத்தறேன். எப்படி இருக்கு?

வளவன்: ஸ்ஸ்... உயிர் போவுதுக்கா, விடுங்க.

அருணாதேவி: நான் தொடவே இல்ல வளவா.

வளவன்: தொடலையா?

அருணாதேவி: இப்பதான் தொடறேன். இப்ப நகத்தால கிள்றேன். இப்ப கிழிஞ்ச எடத்துலயே விரலை வச்சிருக்கேன். திரும்பிப் பாரு.

வளவன்: போதும்க்கா.

அருணாதேவி: பச்சை கிடார்ல நெக் ஓரமெல்லாம், குறுக்க பதிச்ச ஃப்ரெட் கம்பி வெளிய துருத்திக்கிட்டு நிக்குது. வெயில்ல பலகை சுருங்கிடுச்சாம். ரம்பம் மாதிரி அறுக்கும். அரம் போட்டுத் தேய்ச்சுட்டுத்தான் விக்கணும்னு ஆதி தனியா எடுத்து வச்சிருந்தான். தேய்க்காதேன்னு சொன்னது நான்தான்.

வளவன்: எப்ப சொன்னீங்க?

அருணாதேவி: நேத்து. உனக்கு முன்னாடி ஒரு தடவை வந்துட்டுப் போனேன்.

வளவன்: என் கையை அறுத்துப் பார்க்கவா?

அருணாதேவி: கேட்டா சிரிச்சு மழுப்பியிருப்ப. போளூர் மேடையில லைட்டு மேல உன் கை பட்டுச்சு. தோல் கருகின நாத்தம் மைக் பக்கத்துல நின்ன எனக்கு அடிச்சுது. நீ அதே கையை அந்த லைட்டு மேல வச்சுக்கிட்டே அடுத்த பாட்டு எதுன்னு என்னைக் கேட்ட. அன்னிக்கு நான் எப்படிப் பாடினேன்னு எனக்கே தெரியாது.

வளவன்: கொப்புளம் வந்ததும்தான் எனக்கே தெரிஞ்சுது.

அருணாதேவி: இன்னிக்கும் பார்த்தேன். நெக் தடிங்கற, லேசா தொட்டா போதும்ங்கற, ஆவாத பிக்கப்பைக் கட்டிப் பிடிக்கற. கோளாறு கிடார்ல இல்லன்னு உனக்கே தெரியும்.

வளவன்: ஒண்ணு மட்டும் சொல்லுங்க. இப்ப அக்காவா வந்தீங்களா, மாப்பிள்ளையோட அம்மாவா வந்தீங்களா?

அருணாதேவி: ரெண்டு பேருமாத்தான் வந்திருக்கேன். சட்டையை நீ மடிக்கறியா, நான் மடிக்கட்டுமா?

வளவன்: வேணாம்... முழங்கைக்கு மேல ஒரு தேமல். அவ்ளோதான்.

அருணாதேவி: தேமல்னா கிள்ளினா வலிக்கும்டா. இது தொழு...

வளவன்: சொல்லாதீங்க.

அருணாதேவி: தொழுநோய்னு சொன்னா வாய் வெந்துடாது. பெரியாஸ்பத்திரியில விசாரிச்சுட்டேன். உன் பேரைச் சொல்லல, பயப்படாத. மாத்திரை இருக்கு, இலவசமாவே தர்றாங்க. சாப்பிட ஆரம்பிச்சா அடுத்தவங்களுக்கு ஒட்டாது, நோயும் முழுசா போயிடும். நாள் கடத்தினாத்தான் ஆபத்து. மடங்கின விரல் நிமிராதாம்.

வளவன்: தெரியும்.

அருணாதேவி: தெரியுமா?

வளவன்: ஃபோன்ல எல்லாத்தையும் படிச்சுட்டேன். மாத்திரை பேரு, கலரு வரைக்கும் தெரியும்.

அருணாதேவி: படிச்சுட்டா ஒல்லி நெக் தேடிக்கிட்டு அலையற? அடப்பாவி! எழுந்திரு. இப்படியே ஆட்டோ பிடிச்சுப் போயிடலாம்.

வளவன்: ஆவணி முடியட்டும்.

அருணாதேவி: ஆவணி முடியறதுக்குள்ள இந்தக் கை கொக்கி ஆயிடும்டா!

வளவன்: ஆவட்டும். அப்பா இல்ல. தங்கச்சியைத் தாரை வார்த்துக் குடுக்கணும். அதுக்கு இந்தக் கை போதும். கொக்கியா இருந்தாலும் தண்ணி நிக்கும்.

அருணாதேவி: வாசிக்கிறவன் பேசுற பேச்சா இது? கிடாரைத் தவிர உனக்கு வேற இன்னா தெரியும்? மேடை இல்லாம ஒரு வாரம் இருப்பியா நீ?

வளவன்: இருந்துதான் ஆவணும்.

அருணாதேவி: யாருக்கும் தெரியாம மாத்திரை வாங்கித் தர்றேன். செங்கம் ரோட்டுல எனக்குத் தெரிஞ்ச நர்ஸ் இருக்கு.

வளவன்: மாத்திரையைக் குடுத்துட்டு சும்மா விட மாட்டாங்கக்கா. வீட்டுக்கு வருவாங்க. கூட இருக்கறவங்க எல்லாரையும் நிக்க வச்சுப் பார்ப்பாங்க. அதுதான் அவங்க முறை. எங்க தெரு எப்படின்னு உங்களுக்குத் தெரியாதா? ஒரு தடவை அந்த நர்ஸம்மா வாசல்ல நின்னா போதும். அப்புறம் எங்க வீட்டுத் தண்ணி கூட எவனும் குடிக்க மாட்டான்.

அருணாதேவி: அதுக்கா பயப்படற? என் பக்கம் பாரு. பையனைப் பெத்தவ நான் சொல்றேன், கல்யாணம் நடக்கும். செழியனும் மணிமொழியைத்தான் கட்டுவேன்னு நிப்பான்.

வளவன்: உங்க வீட்டுக்காரர்?

அருணாதேவி: குதிப்பாரு. ரத்தத்துல இருக்கும், பேரப் பிள்ளைக்கு வரும்னு ஆடுவாரு. எத்தனை டாக்டர் சொன்னாலும் அவர் தலையில ஏறாது. அவர் வாயை அடைக்க ஒரே வழிதான். நாளைக்கு நீ ஆஸ்பத்திரிக்கு வர்றப்ப மணிமொழியையும் கூட்டிட்டு வா.

வளவன்: எதுக்கு?

அருணாதேவி: உடம்பைப் பார்த்து ஒண்ணும் இல்லன்னு டாக்டரம்மா ஒரு வார்த்தை சொல்லட்டும். அண்ணனுக்கு வந்தது அண்ணனோட போச்சு, பொண்ணு சுத்தம்னு நான் நெஞ்சை நிமித்திச் சொல்லிடுவேன்.

வளவன்: சுத்தம்... அப்ப நான்?

அருணாதேவி: வார்த்தையைப் பிடிச்சுக்காத. வாய் தவறிடுச்சு.

வளவன்: தவறலக்கா. உள்ள இருந்துதான் வந்துச்சு.

அருணாதேவி: சரி, வந்துச்சு. நானும் மனுஷிதான். ஒத்தைப் பையனை வச்சிருக்கேன். என் மனசுக்கும் ஒரு பதில் வேணாமா?

வளவன்: என்னைக் குழுவுல இருந்து எடுத்துடுங்க. வெள்ளிக்கிழமைக்கு வேற ஆளைப் போட்டுக்குங்க. யார் கேட்டாலும் குடிச்சுட்டு மேடை ஏறினான், தொரத்திட்டேன்னு சொல்லுங்க. நான் வாயைத் திறக்க மாட்டேன். அவளை மட்டும் ஆஸ்பத்திரிக்குக் கூப்பிடாதீங்க.

அருணாதேவி: இது இன்னாடா புதுக் கதை? உனக்குத்தான மருந்து. அவளுக்குச் சும்மா ஒரு பார்வை.

வளவன்: கல்யாணம் முடிஞ்சதும் நானே கூட்டிட்டுப் போறேன். உங்க கால்ல விழறேன்க்கா...

அருணாதேவி: எழுந்திருடா. ரத்தம் வழியுது பாரு. சொந்தக் கை போனாலும் பரவாயில்லன்னு உட்கார்ந்திருக்கவன், அவ பேரை எடுத்ததும் ஏன் இப்படிக் கால்ல விழற? வளவா... என் முகத்தைப் பார்த்துச் சொல்லு. அவளை நாலு பேர் பார்த்தா உனக்கு இன்னா பயம்?

வளவன்: அவளுக்குத்தான்க்கா முதல்ல வந்துச்சு. முதுகுல, ரவிக்கை மறைக்கிற எடத்துல. பூ வைக்க வந்தன்னிக்கு, என் பொண்ணு மாதிரின்னு சொல்லி அந்த எடத்துலதான் தடவிக் குடுத்துட்டே இருந்தீங்க... நீங்க தடவினதே அவளுக்குத் தெரியல.