அதிகம் பேசிய டிரைவர்

பேச்சு குறைவான ஆள் என்பதை என் வீட்டில் ஒரு குறையாகவே சொல்வார்கள். அலுவலகத்தில் அதையே எனக்கு வேலையாகக் கொடுத்துவிட்டார்கள். டிரைவர்கள் அளவுக்கு மீறிப் பேசாமல் பார்த்துக்கொள்வதுதான் என் பொறுப்பு. அம்மா இதை அரைகுறையாகக் கேட்டுவிட்டு, "எம் பையன் டிரைவருங்களை மேய்க்கிறான்" என்று சொந்தக்காரர்களிடம் சொல்லிவைத்தாள். வாடகைக்கு வண்டி கிடைக்குமா என்று எனக்குப் போன் வந்தது.

நான் சொல்கிற டிரைவர் ஒரு மென்பொருள். ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கும் கருவிக்கும் நடுவில் நின்று, அது சொல்வதை இதற்குச் சொல்லும். எங்கள் கருவி மருந்து பம்ப். ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் மாட்டி, நரம்பு வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக மருந்து ஏற்றுவது. டிரைவர் எழுதுகிறவர்கள், 'இப்போது இதைச் செய்கிறேன்' என்று அதை அவ்வப்போது பதிவில் ஒரு வரி எழுதிச் சொல்ல வைப்பார்கள். டீபக் வரி என்போம். பிழை தேடுகிறவனுக்கு அதைவிட நல்ல துணை கிடையாது. வெளியாள் வாசித்தால் வீட்டுச் சாவியை வாசலில் தொங்கவிட்ட மாதிரி. எதை விடுவது, எதை எடுப்பது என்று முடிவு செய்கிறவன் நான்.

பம்பின் டிரைவரை எழுதியவர் என் தங்கையின் கணவர். நான் மாப்பிள்ளை என்பேன், அவர் மச்சான் என்பார். கெட்டிக்காரர், கலகலப்பானவர். இந்தக் கம்பெனியில் அவரைச் சேர்த்துவிட்டதே நான்தான். பிறகு எனக்கு வரவேண்டிய தலைமைப் பதவி அவருக்குப் போனது. அன்று சாப்பாட்டு மேசையில் தங்கை, "அவருக்குக் கீழ வேலை பாக்கறதுல என்னண்ணா இருக்கு, நம்ம வீட்டு ஆள்தானே" என்றாள். சமாதானமாகத்தான் சொன்னாள். எனக்கு வயிறு எரிந்தது. உங்களிடம் அதை மறைப்பதில் அர்த்தமில்லை.

அந்தச் சமயத்தில்தான் அவருடைய டிரைவர் தணிக்கைக்காக என் மேசைக்கு வந்தது. மோட்டாருக்கு அனுப்பும் ஒவ்வொரு கட்டளைக்கும் முன்னால் ஒரு டீபக் வரி. அதில் நோயாளியின் பெயர், மருந்து, அளவு. பழுது பார்க்க வருகிற ஆள்கூட யாருக்கு என்ன நோய் என்று தெரிந்துகொள்ளலாம். எடுக்க வேண்டிய வரிதான். இதில் யாரும் என்னைக் குறை சொல்ல முடியாது.

"பேரை மட்டும் மறைச்சுட்டு மிச்சத்தை விட்டுடலாமே மச்சான்," என்றார் அவர். "நாளைக்கு ஏதாவது கோளாறுன்னா நான் எதை வெச்சுக் கண்டுபிடிக்கிறது?"

"ஒரு சுவிட்ச் வெச்சுத் தர்றேன் மாப்பிள்ளை. சாதாரணமா வாயைத் திறக்காது. வேணுங்கறப்ப ஆன் பண்ணிப் பாத்துக்குங்க."

நியாயமான ஏற்பாடு. அவரும் சரியென்று தலையாட்டினார்.

சுவிட்சை வைத்து வரியை எடுத்துவிட்டு, சோதனை அறையில் மருந்துக்குப் பதில் தண்ணீர் வைத்து ஓட்டினேன். பெரும்பாலும் சரியாகவே ஓடியது. ஒரு தடவை மட்டும் 'நிறுத்து' என்று சொன்ன பிறகும் ஓடிக்கொண்டே இருந்தது. தண்ணீர் மேசையில் வழிந்து என் காலை நனைத்தது. காரணம் எனக்கு உடனே புரிந்துவிட்டது. அந்த வரியை எழுத டிரைவருக்கு ஒரு கணம் பிடித்திருக்கிறது. அந்தக் கணத்தில் மோட்டார் முந்தைய கட்டளையை முடித்து, அடுத்ததைக் கேட்கத் தயாராகியிருக்கிறது. வரி போனதும் அந்த அவகாசமும் போய்விட்டது. இனி 'நிறுத்து' என்பது சில சமயம் மோட்டாரின் காதிலேயே விழாது, மருந்து இறங்கிக்கொண்டே இருக்கும். தன் வரிதான் பம்பைத் தாங்கிப் பிடித்திருந்தது என்று மாப்பிள்ளை கனவிலும் நினைத்ததில்லை.

வரி இருந்த இடத்தில் ஒரு சின்னக் காத்திருப்பை வைத்தால் போதும். காப்பி ஆறுவதற்குள் முடிகிற வேலை. நான் மேசையைத் துடைத்தேன். சோதனை சரி என்று கையெழுத்துப் போட்டேன். பம்புகள் ஆஸ்பத்திரிகளுக்குப் போயின.

எங்காவது ஒரு நர்ஸ் கவனித்துச் சொல்வார், மாப்பிள்ளை எல்லோர் முன்னாலும் நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்வார், அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன். முதலில் இறந்தவர் முதியவர். வயதின் மேல் பழியைப் போட்டார்கள். அடுத்தது, அப்போதுதான் பிரசவமான ஒரு பெண். அதன் பிறகு பம்பைச் சந்தேகித்தார்கள். அப்போதாவது சொல்லியிருக்கலாமே என்பீர்கள். சொன்னால் அந்த இரண்டு பேருக்கும் நான் பதில் சொல்ல வேண்டியிருக்குமே.

மாப்பிள்ளை ராப்பகலாகத் தேடினார். சுவிட்சை ஆன் செய்யாமல் ஓட்டியபோது ஒரு தடவை மேசை நனைந்தது. ஏன் என்று சொல்ல ஒரு வரியும் இல்லை. தேடுவதற்காகச் சுவிட்சை ஆன் செய்வார். செய்ததும் வரி திரும்பி வரும், அவகாசமும் வரும், பம்ப் தங்கமாக ஓடும். மனுஷன் பாதியாக இளைத்துவிட்டார். தங்கை போன் செய்தாள்.

"அவருக்குச் சோறே இறங்கலண்ணா. நீங்க கொஞ்சம் கூட உக்காந்து பாருங்களேன்."

"நான் பாத்துக்கறேம்மா."

சொன்னபடி உட்கார்ந்தேன். சுவிட்சை நானே ஆன் செய்தேன்.

"பாருங்க மாப்பிள்ளை, நல்லாத்தானே ஓடுது."

"எனக்குத்தான் மூளை குழம்பிடுச்சு போல மச்சான்," என்றார். முதுகில் தட்டிக்கொடுத்தேன். உள்ளுக்குள் இதமாக இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். பம்பில் குறையில்லை என்று ஆஸ்பத்திரிகளில் அதையே தொடர்ந்து மாட்டினார்கள். அந்த வாரமே மூன்றாவதாக, குடல்வால் ஆபரேஷனுக்கு வந்த ஒரு சிறுமி.

எல்லாம் தன் கவனக்குறைவு என்று அவர் இந்த போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்து உங்களிடம் எழுதிக் கொடுத்ததாகக் கேள்விப்பட்டேன். அதனால்தான் வந்தேன். அவரைக் காப்பாற்ற வந்தேன் என்று நினைத்துவிடாதீர்கள். தவறான காரணத்தை எழுதி விஷயத்தை மூடுவது எனக்குப் பிடிக்காது. பம்ப் ஏன் நிற்கவில்லை என்று கடைசிவரை அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை. நான் பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடித்தேன். அது பதிவாக வேண்டும்.

மூன்று பேரின் சாவுக்கும் நான்தான் காரணம், தெரிந்தேதான் செய்தேன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் என் வேலையில் பிசகு என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அந்த வரியை எடுத்த பிறகு எந்த ஆஸ்பத்திரியிலிருந்தும் ஒரு நோயாளியின் பெயர்கூட வெளியே போகவில்லை. அந்தச் சிறுமியின் பெயரை நீங்கள்கூட அவளைப் பெற்றவர்களிடம் கேட்டுத்தான் தெரிந்துகொண்டிருப்பீர்கள்.